முதியவர் உடலின் வெக்கை: ஒரு நிவாரணத்தின் வரலாறு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த நோய் எந்த ஆண்டில் பணிந்தது, எந்த அறிஞர் எந்தப் பரிசைப் பெற்றார் என்பவற்றை நூல்கள் நிரல்பட உரைக்கின்றன. மருந்தை ஏற்ற மனிதன் அதன் பின் எவ்வாறு வாழ்ந்தான், எத்தகைய இரவுகளைக் கழித்தான் என்ற கேள்விக்கு அந்நூல்களில் இடம் கிடைப்பது அரிது. புரொஸ்டேட் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் ஓமோன் சிகிச்சையும், அதனால் ஆண்களின் உடலில் திடீரென எழும் வெக்கையும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சிகிச்சையின் கதை உலகறிந்தது. வெக்கையின் கதையோ சொல்லப்படாதது. அதனையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியை எண்ணிப் பார்ப்போம். ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்று நண்பகலில் தோலை உலர்த்திவிடும். ஊருக்கு அருகே கன்னியாவில் ஏழு கிணறுகளில் வெந்நீர் ஊறுகின்றது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் தோற்றுவித்தவை அவை என்பது மரபுவழிக் கதை. வெம்மை இன்னதென்று இவ்வூராருக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், துறைமேடையிலோ, சீனன்குடாவின் ஆலைகளிலோ, மீன்வாடியிலோ உழைத்து முதுமையடைந்த ஒருவர், புற்றுநோய்க்கு ஊசி பெறத் தொடங்கிய சில வாரங்களில், மார்பிலிருந்து முகம்வரை தீ ஏறினாற்போல ஒரு வெக்கையை உணர்கிறார். வியர்வை பெருகிச் சாரம் நனைகிறது; பின் உடல் குளிர்ந்து நடுங்குகிறது. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து விறாந்தையில் அமர்கிறார். இதனைக் காய்ச்சல் என்றோ, நோய் முற்றிவிட்டது என்றோ அவர் எண்ணக்கூடும். தம் மனைவி ஐம்பது வயதளவில் இதே துன்பத்தை அனுபவித்தது நினைவுக்கு வந்தாலோ, ‘பெண்களுக்கு வருவது எனக்கு ஏன் வந்தது?’ என்று நாணி வாய் மூடிக்கொள்ளவும் கூடும்.

இந்த நாணம் அற்பமானதன்று. அதன் விலை உயிராகவும் இருக்கலாம். வெக்கையைத் தாங்க மாட்டாத ஒருவர் யாரிடமும் சொல்லாமல் அடுத்த ஊசிக்குப் போகாதிருந்துவிட்டால், அடக்கி வைக்கப்பட்ட நோய் மீண்டும் தலைதூக்கும்.

வெக்கை எழுவதன் காரணம் இன்று பெருமளவு விளங்கியுள்ளது. மூளையின் அடித்தளத்திலுள்ள ஐப்போதலமஸ் என்னும் பகுதியே உடல் வெப்பத்தின் காவலன். உடல் வெப்பம் ஒரு சிறு எல்லைக்குள் ஏறி இறங்கினால் அது வாளாவிருக்கும். பாலியல் ஓமோன்கள் திடீரெனக் குறையும்போது அந்த எல்லை மிகக் குறுகிவிடுகிறது. அற்ப ஏற்றத்தையும் பேராபத்தென்று கருதிய மூளை, தோலின் குருதிக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. மாதவிடாய் நிற்கும் பெண்ணிடமும், ஓமோன் சிகிச்சை பெறும் ஆணிடமும் நடப்பது ஒன்றே. இயற்கை இங்கு ஆண், பெண் என்ற பேதம் பாராட்டவில்லை. பேதம் பாராட்டியது சமுதாயம்.

இனி வரலாற்றை நோக்குவோம். 1895ஆம் ஆண்டில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜே. வில்லியம் வைட் என்ற அறுவை மருத்துவர், வீங்கிய புரொஸ்டேட் சுரப்பிக்கு விதைகளை அகற்றுவதைச் சிகிச்சையாக முன்வைத்தார். மறு ஆண்டே, 1896இல், கபோட் என்ற மருத்துவர் அவ்வறுவைக்கு உட்பட்ட ஆண்களிடம் மாதவிடாய் நிற்கும் பெண்களிடம் காணப்படுவது போன்ற வெக்கை எழுவதைப் பதிவு செய்தார். ஆக, ஆண்களின் வெக்கை மருத்துவ உலகுக்குத் தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதற்கு மருந்து தேடும் ஒழுங்கான ஆய்வுகளோ அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான் பெருகின. தெரிந்திருந்தும் தேடாதிருந்தமைக்கு அறிவின் போதாமை மட்டும் காரணமன்று. துன்புற்றவர்கள் முதியவர்கள், அத்துன்பம் ‘பெண்களுடையது’ என்று பெயர் பெற்றது. பெண்களின் துன்பமோ பொறுத்துக்கொள்வதற்குரியது என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டது.

சிகிச்சையின் உண்மையான தொடக்கம் 1941ஆம் ஆண்டிலாகும். திருகோணமலையைப் போலவே பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய கனடாவின் ஹலிபாக்ஸ் துறைமுக நகரில் பிறந்தவர் சாள்ஸ் ஹக்கின்ஸ். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அவரும் கிளாரன்ஸ் ஹொட்ஜஸும் செய்த ஆய்வு, புரொஸ்டேட் புற்றுநோய் ஆண் ஓமோனைச் சார்ந்து வளர்கிறது என்பதையும், விதைகளை அகற்றினாலோ பெண் ஓமோனைக் கொடுத்தாலோ அது ஒடுங்குகிறது என்பதையும் நிலைநாட்டியது. இதற்காக ஹக்கின்ஸ் 1966இல் நோபெல் பரிசு பெற்றார். அவ்வாய்வு வெளிவந்த மறு ஆண்டு, 1942 ஏப்ரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. கப்பல்களுக்கு எரிபொருள் சேமிக்க ஏறத்தாழ நூறு பெருந்தாங்கிகளைக் கட்டிய பேரரசு, அத்துறையில் சுமை சுமந்த மனிதரின் முதுமைக்கு என்ன கட்டியது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. 1957இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபோது தாங்கிகள் எஞ்சின; அந்தக் கேள்வியும் எஞ்சியது.

பெண் ஓமோனைப் போன்று செயற்படும் ஸ்டில்பெஸ்ட்ரோல் என்னும் செயற்கை மருந்தை 1938இல் இலண்டனில் சாள்ஸ் டொட்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கியிருந்தனர். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வாதலின் அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. எவரும் தயாரிக்கலாம், விலையும் சொற்பம். அறுவையின்றி மாத்திரையால் நோயை அடக்க அது வழிசெய்தது. பெண் ஓமோனே வெக்கையைத் தணிக்க வல்லதாதலின், இம்மருந்தை உண்டவர்களை வெக்கை அவ்வளவாக வாட்டவில்லை. ஆனால் வேறோர் ஆபத்து மறைந்திருந்தது. அமெரிக்கப் போர்வீரர் மருத்துவமனைகளில் நடந்த கூட்டாய்வு, இம்மருந்தை அதிக அளவில் உண்டவர்களிடையே இருதய, குருதிக்குழாய் நோய்களால் மரணம் மிகுவதை 1967இல் வெளிப்படுத்தியது. மலிவான மருந்து படிப்படியாகப் பின்தள்ளப்பட்டது.

அதன் இடத்தைப் பிடித்தவை இன்றைய ஊசிகள். அன்ட்ரூ ஷாலியின் ஆய்வுக்குழு 1971இல் ஐப்போதலமஸ் சுரக்கும் ஒரு சிறு ஓமோனின் கட்டமைப்பைக் கண்டறிந்தது. ஷாலி 1977இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வோமோனை ஒத்த செயற்கைப் பொருளை ஊசியாகச் செலுத்தினால், சில வாரங்களில் விதைகள் ஆண் ஓமோன் சுரப்பதை நிறுத்திவிடும். லூப்ரொலைட் என்ற இத்தகைய ஊசி 1985இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கத்தி இல்லை, ஸ்டில்பெஸ்ட்ரோலின் குருதியுறைவு அபாயமும் இல்லை. ஆனால் காப்புரிமை இருந்தது, விலை இருந்தது. 1896இல் கபோட் கண்ட அதே வெக்கையும் திரும்பி வந்தது. இச்சிகிச்சை பெறுவோரில் பத்துக்கு எட்டுப் பேர் வரை வெக்கையை அனுபவிக்கக்கூடும். சிலரை அது ஆண்டுக்கணக்கில் விடாது தொடரும்.

நிவாரணத்தின் வரலாற்றில் 1994ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. சாள்ஸ் லொப்ரின்சியும் சகாக்களும் மெஜெஸ்ட்ரோல் என்ற மாத்திரையைச் சோதித்தபோது, மார்புப் புற்றுநோய்க்கு உட்பட்ட பெண்களையும் புரொஸ்டேட் புற்றுநோய்க்கு உட்பட்ட ஆண்களையும் ஒரே ஆய்வில் சேர்த்துக்கொண்டனர். இருபாலாரிடமும் வெக்கை பெரிதும் தணிந்தது. நாணம் பிரித்து வைத்தவர்களை அறிவியல் ஒரே வரிசையில் அமர்த்தியது எனலாம். 2010இல் பிரான்சில் வெளியான ஆய்வொன்று மூன்று மருந்துகளை ஒப்பிட்டது. மெட்ரொக்சிபுரொஜெஸ்டரோன் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமும் சைப்ரொட்டரோன் 100 மில்லிகிராமும், மனச்சோர்வுக்கு வழங்கப்படும் வென்லபக்சினைவிட நன்கு பயன் தந்தன. பிரித்தானிய வழிகாட்டுதல் முதலில் மெட்ரொக்சிபுரொஜெஸ்டரோனைப் பத்து வாரங்களுக்குக் கொடுத்துப் பார்க்கும்படி கூறுகிறது. சைப்ரொட்டரோன் ஈரலைத் தாக்கக்கூடியது. ஆதலின் கண்காணிப்பு வேண்டும். பலரும் புகழும் சோயாப் புரதம் ஆண்களின் வெக்கையைத் தணிக்கவில்லை என 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. மாறாக, மூச்சைச் சீராக்கி எண்ணத்தைப் பழக்கும் உளவியற் பயிற்சியை வீட்டிலிருந்தே செய்த ஆண்கள் தம் வெக்கையை முன்னிலும் எளிதாகத் தாங்கினர் என்று 2015இல் இலண்டன் ஆய்வொன்று கூறியது.

வரலாறு இவ்விடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. ஸ்டில்பெஸ்ட்ரோலின் ஆபத்து, மாத்திரை ஈரல் வழியே செல்வதால் விளைந்தது. பெண் ஓமோனைத் தோல்வழியே செலுத்தினால் என்ன என்று பிரித்தானிய ஆய்வாளர் கேட்டனர். 2006இல் தொடங்கிய அவ்வாய்வின் முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது. 1,300க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்றனர். தோலில் ஒட்டும் எஸ்ட்ரடயோல் பட்டை, நோயை அடக்குவதில் ஊசிக்கு இளைத்ததன்று எனத் தெரிந்தது. ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 89 பேருக்கு வெக்கை கண்டது. பட்டை ஒட்டியோரில் 44 பேருக்கே கண்டது. குறை இல்லாமலில்லை: பட்டை ஒட்டியோரில் நூற்றுக்கு 85 பேருக்கு மார்பகம் வீங்கியது. எனினும் பின்தள்ளப்பட்ட பழைய கருத்து, தன் பிழை களையப்பட்டு, உயர்ந்த நிலையில் மீண்டும் எழுந்தது. வளர்ச்சி நேர்கோட்டில் நடப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மேற்கூறிய நிவாரண மருந்துகளின் பட்டியலை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை நோக்கவேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் கடந்த பழைய மருந்துகள். ஏழை நாடொன்றால் அவற்றை வாங்க இயலாது என்று எவரும் கூற முடியாது. இவ்வுண்மையை இலங்கைக்கு உணர்த்தியவர் நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே. அவரும் இடதுசாரித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை, வணிகப் பெயர்களை விலக்கி, மூலப்பெயரில், உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மருந்து வாங்க வழிகாட்டியது. அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் எதிர்த்தன. பிபிலே 1977இல் கயானா நாட்டில் காலமானார். அவர் வகுத்த கொள்கை வளரும் நாடுகள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி அரச மருத்துவமனைகளில் மருந்து அருகியபோது, அக்கொள்கையின் அருமையை நாட்டு மக்கள் பசியோடும் வலியோடும் மறுபடி கற்றனர்.

துறைமுக ஊரின் நோயாளிக்குத் தூரமும் ஒரு சுமையே. புற்றுநோய்ச் சிகிச்சைக்கென நெடுங்காலம் கொழும்பை அடுத்த மகரகமவுக்கே பலர் போகவேண்டியிருந்தது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் அது சோதனைச் சாவடிகள் பலவற்றைக் கடக்கும் பயணமாயிற்று. அவ்வளவு தொலைவு போய், சில நிமிடங்கள் மருத்துவர் முன் நிற்கும் மனிதர், வெக்கையைப் பற்றிச் சொல்வதா, வலியைப் பற்றிச் சொல்வதா? வலியையே சொல்வார். ஆகவே வெக்கையைக் கேட்டறியும் பொறுப்பு கிளினிக்குக்கு உரியது. கேட்கும்படி தூண்டும் பொறுப்பு நமக்கு உரியது.

ஆசிரியர்களும் மாணவர்களும் தம் வீட்டு முதியவரிடம் சொல்லத்தக்கவை சில உள. இந்த வெக்கை மருந்தால் வருவது. நோய் முற்றியதன் அறிகுறியன்று. ஆயினும் காய்ச்சலோ, மெலிவோ, தொடர் இருமலோ சேர்ந்தால் வேறு நோய் உண்டா என்று சோதிக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் ஊசியை நிறுத்தலாகாது. எப்போது, எதன்பின் வெக்கை எழுகிறது என்று ஒரு கொப்பியில் இரண்டு வாரம் குறித்து வைத்தால் காரணம் தானே புலப்படும். சுடுதேநீர், மிகுந்த உறைப்பு, மது ஆகியவை பலருக்குத் தூண்டுகோல். மெல்லிய பருத்திச் சாரம், தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர், ஒரு பனையோலை விசிறி ஆகிய மூன்றும் கச்சான் காலத்து இரவுக்குத் துணை. இவற்றால் தணியாதபோது மருந்து உண்டு என்பதையும், அதைக் கேட்பது உரிமை என்பதையும் அவர் அறியவேண்டும்.

அந்த வீட்டில் இவற்றை முன்னரே அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அடுப்படி வெக்கையோடு தன் உடலின் வெக்கையையும் யாரும் கேளாமலே பல ஆண்டு தாங்கிய அவருடைய மனைவிதான் அவர். முதியவர் முதலில் வாய்திறந்து பேசவேண்டியது அவரிடமே. அப்போது அவளுடைய பழைய துன்பமும் முதன்முறையாக அவ்வீட்டில் பேசப்படும்.