ஓநாய் முகம், ஆட்டுப் பழி

டாஸ்மேனியப் புலி தெரியுமா மக்களே? முதுகுல வரி, ஓநாய்த் தலை, வயித்துல கங்காரு மாதிரி குட்டிப் பை! ஓநாய்க்கும் இதுக்கும் பொது மூதாதை வாழ்ந்து சுமார் 16 கோடி வருஷமாச்சு. ரெண்டும் வேட்டையாடிப் பிழைச்சதுங்க. ஒரே மாதிரி பிழைப்பு, ஒரே மாதிரி மண்டையோடு. ரெண்டு பேர் காப்பியடிக்காம எழுதின புரோகிராம் ஒண்ணா அமைஞ்ச மாதிரி.

அந்த முகமே அதுக்கு வினையாச்சுன்னுதான் எனக்குத் தோணுது. ஆடு அடிக்குதுன்னு 1888-ல் டாஸ்மேனிய அரசு தலைக்கு 1 பவுண்டு அறிவிச்சது. 1909 வரை 2,184 தலைக்குக் காசு கொடுத்தாங்க. 1936 ஜூலையில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செப்டம்பர் 7-ல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் கடைசியா இருந்ததும் செத்துப்போச்சு.

2011-ல் தாடையை ஆராய்ஞ்சவங்க, வளர்ந்த ஆட்டை அடிக்கிற பலம் அதுக்கு இருந்திருக்காதுன்னாங்க. தீர்ப்பு 75 வருஷம் லேட்டுங்க.