மகளிர் கல்லூரியும் கலவன் பாடசாலையும் – ஒரு வரலாற்று நோக்கு

“மகளை மகளிர் கல்லூரி விடுதியில் சேர்ப்பதா, ஊரிலுள்ள கலவன் பாடசாலையிலேயே படிக்கவிடுவதா?” உடப்பில் வைத்தியம் பார்க்கும் எம்மிடம் பெற்றோர் இன்றும் கேட்கும் கேள்வி இது. எமது கல்லூரியின் பழைய மாணவிகள் அனைவரும் சிந்திக்க வேண்டிய கேள்வியுங்கூட.

தனிப் பாடசாலை என்பதால் மட்டும் பெண்களுக்குச் சமமான கல்வி கிடைத்துவிடவில்லை. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் ஆரம்பித்தனர். வட்டுக்கோட்டையில் ஆங்கிலமும் உயர்கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. உடுவிலில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம் ஆகியவற்றோடு தையல் முக்கிய இடம் பெற்றது. படித்த கிறிஸ்தவ இளைஞருக்கு ஏற்ற மனைவியரை உருவாக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆயினும் அங்கு கற்ற பலர் ஆசிரியைகளாகி, பிற பெண்களுக்கும் எழுத்தறிவித்தனர்.

மருத்துவக் கல்வியில் மகளிர் கல்லூரியின் பலம் தெளிவாகத் தெரிகிறது. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பெண்கள் அங்கு சேர 1892 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பாடசாலையை நிறுவினார். அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். வேலூரில் உடற்கூற்று மேசையிலும் பிரசவ அறையிலும் பயின்றவர்கள் எல்லோரும் பெண்களே. ‘அதை ஆண்பிள்ளைகள் செய்யட்டும்’ என ஒதுங்க அங்கு இடமிருக்கவில்லை. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டு அது கலவன் கல்லூரியாயிற்று. பெண்கள் வளர்த்த நிறுவனத்துக்கு ஆண்கள் கற்க வந்தனர்.

நாம் பெற்றதும் இத்தகைய பயிற்சியே. பன்சன் சுடரடுப்பைப் பற்றவைத்தவள், தவளையை வெட்டிப் பார்த்தவள், விவாத அணிக்குத் தலைமை தாங்கியவள், மண்டபத்துக்கு வாங்கு சுமந்தவள், எல்லோரும் மாணவிகள். ஒரு குறையும் இருந்தது. மருத்துவ பீடத்தில் முதன்முறையாக ஆண்களோடு ஒரே குழுவில் வேலை செய்தபோது எமது குரல் தாழ்ந்தது. கலவன் பாடசாலைகளிலிருந்து வந்த தோழியர் அங்கு எம்மைவிட இயல்பாகப் பேசினர்.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: வகுப்பில் உங்கள் மகள் கையில் என்ன வேலை கொடுக்கப்படுகிறது என்று கேளுங்கள். கலவன் வகுப்பிலும் பரிசோதனையை மாணவி செய்ய, மாணவன் குறிப்பெழுதலாம். முதற் கேள்வியை ஆசிரியர் அவளிடமே கேட்கலாம்.

உடப்புப் பிள்ளைகள் எல்லோராலும் தூரத்து விடுதிக்குப் போக இயலாது. இந்த நூற்றாண்டில், பழைய மாணவிகள் ஒவ்வொருவரும் அருகிலுள்ள கலவன் பாடசாலையொன்றின் ஆய்வுகூடத்துக்கு ஒருநாள் சென்று, அங்குள்ள மாணவிகளோடு நின்று ஒரு பரிசோதனை செய்வோம். எமக்குக் கிடைத்தது அவர்களுக்கும் கிடைக்கட்டும்.