நாற்பது போக்ஸ் கம்பி

சைக்கிள் சக்கரத்துக்கெல்லாம் சரித்திரமா என்று சிரிக்காதீங்க. மாதவரம் ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பின்கேரியரில் ரெண்டு பால் கேனைத் தொங்கவிட்டுக்கிட்டு மிதிச்சவங்களைப் பார்த்திருந்தா சிரிக்க மாட்டீங்க. காசிமேட்டு மீன் கூடையும் கேஸ் சிலிண்டரும் வீடு வந்து சேர்ந்ததும் இதே மாதிரி வண்டிகளில்தான். அத்தனை பாரத்தையும் தாங்கினது சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிகள். சக்கரம் கோணிடுச்சுன்னா அன்னைக்குப் பொழப்பு போச்சு.

என் அக்கா பையன் ஒருத்தன் ரேஸ் சைக்கிள் பைத்தியம். "ட்யூபுலர் வீல்தான் மாமா ஸ்ட்ராங்கு, பாரிஸ்-ரூபே ரேஸில் கருங்கல் ரோட்டிலேயே அதைத்தானே ஓட்டினாங்க" என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். ட்யூபுலர் என்றால், ட்யூபை டயருக்குள்ளேயே வைத்துத் தைத்து, முழுசையும் பசை போட்டு ரிம்மில் ஒட்டிவிடுவது. டயரைக் கவ்விப் பிடிக்கும் விளிம்பு ரிம்முக்குத் தேவையில்லை. அதனால் லேசாகவும் உறுதியாகவும் ரிம் செய்யலாம்; கல்லில் மோதும்போது விளிம்பு ட்யூபைக் கடிக்கிற தொல்லையும் குறைவு. (இப்ப அந்த ரேஸிலேயே ட்யூப்லெஸ் வந்துடுச்சு, அது வேற கதை.)

அப்படின்னா நம்ம பால்காரர் ஏன் அதைத் தொடவே இல்லை? காசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பஞ்சர்.

1888-ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தபோது அதுவும் ரிம்மோடு ஒட்டினதுதான். மறு வருஷமே பிரான்சில் மிஷ்லான் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு அப்படி ஒரு பஞ்சர் டயர் வந்தது. சரி பண்ண மூணு மணி நேரம், அப்புறம் பசை காய ஒரு ராத்திரி. அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் கழற்றி மாட்டும் டயர். 1891-ல் நடந்த பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் பந்தயம், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அந்த டயரைப் போட்டுக்கொண்டு ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிஷத்தில் ஜெயிச்சார். பஞ்சர் ஒட்டுவது ரோட்டோரத்து வேலையானது இப்படித்தான். ஆறு மணிக்குள் பால் போட வேண்டியவர் பசை காயுற வரைக்கும் உட்கார்ந்திருக்க முடியுமா சொல்லுங்க?

சரி, டயர் கதை போதும், கம்பிக்கு வருவோம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் மரக்கால்கள் பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கும். சைக்கிள் கம்பிக்கு அந்த வேலை தெரியாது; அழுத்தினால் வளைந்துவிடும். அதனால் எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டிவைக்கிறோம். பாரம் ஏறினால் தரைப் பக்கத்துக் கம்பிகளின் இழுவிசை குறையும், மேலே வந்ததும் பழையபடி ஆகும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதே கூத்து. கம்பி லூஸாக இருந்தால் நிப்பிள் தானாகவே கழண்டுகொள்ளும், ஹப்பை ஒட்டி வளைகிற இடத்தில் கம்பி அலுத்துப் போய் ஒடியும். கம்பியை நேராக விடாமல் ஹப்பில் சாய்த்துக் கட்டுகிற முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். மிதிக்கிற விசையை ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கடத்த அந்தச் சாய்வு வேணும்.

பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்துக்குத்தான் போகும். அதனால் பிரிட்டிஷ்காரன் மொத்தம் 72 கம்பியை 36-36 என்று பிரிக்காமல் முன்னே 32, பின்னே 40 என்று பிரித்தான். அந்தக் கணக்கு அப்படியே நம்ம ஊருக்கு வந்தது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்க, மாதவரத்துக்குப் பக்கத்து அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வர ஆரம்பித்தது. இந்தப் பக்கம் திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டுக்கும் பூர்வீகம் சைக்கிள்தான். ரெட்டிச்சில் இருந்த தாய்க் கம்பெனியின் பெயரே என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி. புல்லட் சக்கரத்திலும் அதே கம்பி வித்தைதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தப் பழைய ஸ்டீல் ரிம்தான். வெஸ்ட்வுட் ரிம் என்று பெயர். ரெண்டு விளிம்பும் குழாய் மாதிரி சுருட்டியிருக்கும். பிரேக் கட்டை பக்கவாட்டில் பிடிக்காது. உள்பக்கமாக, ஹப்பைப் பார்த்த முகத்தில் போய் ஒட்டும். இதில் என்ன லாபம் என்கிறீங்களா? பள்ளத்தில் விழுந்து சக்கரம் கொஞ்சம் ஆடினாலும் பிரேக்கில் உரசாது. ஆடிக்கிட்டே வீடு வந்துடலாம்! மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது வேறு விஷயம். ரேஸ் ரிம்மில் இதே கோட்டம் விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டையில் தேய்க்கும்.

எங்க பக்கம் கோட்டம் எடுக்கிற அண்ணன் ஒருத்தர் இருந்தார். டென்ஷன் மீட்டர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. கம்பியை நகத்தால் சுண்டிச் சுண்டிக் கேட்பார். "டைட்டா இருந்தா மட்டும் போதாது தம்பி, எல்லாம் ஒரே சத்தமா இருக்கணும்" என்பார். (பின்சக்கரத்தில் ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வராது, ஃப்ரீவீல் பக்கம் கம்பி கொஞ்சம் கூடுதல் இறுக்கம். அதையும் அவர் பக்கம் பக்கமாகத்தான் சுண்டிப் பார்ப்பார்.) முடிச்சதும் ஜோடி ஜோடியாகக் கம்பிகளைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்குவார், கடகடவென்று சத்தம் வரும். ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க எஞ்சினியர் சைக்கிள் சக்கரத்துக்கென்றே 1981-ல் ஒரு புத்தகம் போட்டார். அதில் இந்த அமுக்கல் ஒரு தனிப் படியாகவே இருக்கிறது, கம்பியின் வளைவில் தங்கியிருக்கும் தகைவு இதனால் போய்விடும் என்ற விளக்கத்தோடு.

எர்ணாவூர்ப் பக்கம் போகிற வண்டிக்கு மட்டும் அண்ணன் நிப்பிளுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் முறுக்குவார். உப்புக்காத்தில் துரு ஏறிவிட்டால் அடுத்த தடவை நிப்பிள் திரும்பாது, கம்பியை வெட்டித்தான் எடுக்கணும்.