மக்டான் கரையில் இரண்டு கல்வெட்டுகள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகருக்கு விமானத்தில் செல்லும் உல்லாசப் பிரயாணி முதலிற் கால் பதிப்பது செபுவில் அல்ல. பாலத்துக்கு இப்பால் உள்ள மக்டான் என்னும் சிறு தீவில். விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. உலகைச் சுற்றி வந்தவன் மகெல்லன் என்று பாடசாலையிற் படித்த நேயர்கள் பலர் இருப்பீர்கள். அவன் சுற்றி முடிக்கவில்லை. 1521 ஏப்ரல் 27ஆம் திகதி இத்தீவின் கரையோரத்தில், முழங்காலளவு நீரில் நின்று போரிட்டபடியே மாண்டுபோனான்.

அந்த இடம் எனக் கொள்ளப்படும் நினைவிடத்தில், ஸ்பானியர் ஆட்சியில் 1866இல் மகெல்லனுக்கு எழுப்பப்பட்ட உயர்ந்த சின்னம் நிற்கிறது. சற்று அப்பால் வாளும் கேடயமும் ஏந்தி நிற்பது, அவனை எதிர்த்த மக்டான் தலைவன் லாப்புலாப்புவின் பெரிய வெண்கலச் சிலை. இவற்றைவிட நம் கவனத்துக்குரியவை இரண்டு கல்வெட்டுகள். மகெல்லன் இவ்விடத்தில் காயமுற்று இறந்தான், அவனுடைய கப்பல்களில் ஒன்று உலகைச் சுற்றி முடித்தது என்கிறது 1941இல் பொறிக்கப்பட்டது. 1951இல் பொறிக்கப்பட்டதோ, லாப்புலாப்பு ஆக்கிரமிப்பாளரை விரட்டி அவர்தம் தலைவனைக் கொன்றான், ஐரோப்பியரை முறியடித்த முதற் பிலிப்பினோ அவனே என்கிறது. மரணம் ஒன்றுதான். இரண்டுக்கும் இடையில், 1946இல், நாடு அமெரிக்கரிடமிருந்து சுதந்திரம் பெற்றிருந்தது. பிலிப்பினோ என்ற சொல்லே ஸ்பானிய இளவரசன் பிலிப்பின் பெயரால் பின்னாளில் வந்தது என்பதும், லாப்புலாப்பு அச்சொல்லை ஒருநாளும் கேட்டிருக்க மாட்டான் என்பதும் வேறு கதை.

இந்த இரு கூற்றுகளுக்கும் பெரிதும் ஆதாரமாக இருப்பது ஒரே ஏடு. மகெல்லனோடு பயணஞ் செய்த இத்தாலியன் அந்தோனியோ பிகாபெற்றா எழுதி வைத்தது அது. வேறு சில குறிப்புகள் உண்டெனினும் இவனளவுக்கு விரிவாக எழுதியவர் இல்லை.

மகெல்லன் நமது பக்கத்துக் கடலுக்குப் புதியவன் அல்லன். போர்த்துக்கேயனான அவன் 1505இல் பிரான்சிஸ்கோ த அல்மெய்தாவின் கப்பற்படையோடு இந்தியா வந்தவன். அந்த அல்மெய்தாவின் மகன் லொறென்சோதான் 1505இலோ 1506இலோ கொழும்புக் கரையை அடைந்தான். பின்னர் 1511இல் மலாக்கா வீழ்ந்தபோதும் மகெல்லன் அங்கிருந்தான். ஆகவே, 1521 ஏப்ரல் 7இல் செபுத் துறைமுகத்தில் நிகழ்ந்ததாகப் பிகாபெற்றா எழுதும் ஒரு காட்சி தனிச் சுவையுடையது. வந்தவர்களிடம் வரி கேட்கிறான் செபு மன்னன் ஹுமாபோன். அங்கே வியாபாரத்துக்கு வந்திருந்த, சீயத்தோடு தொடர்புடைய ஒரு முஸ்லிம் வணிகன் மன்னனின் காதோடு, கள்ளிக்கோட்டையையும் மலாக்காவையும் பிடித்தவர்கள் இவர்கள்தாம், கவனம் என்று எச்சரிக்கிறான். வெள்ளையர் செபுவைக் 'கண்டுபிடிக்கும்' முன்னரே வெள்ளையரைப் பற்றிய செய்தி செபுவுக்குப் போய்விட்டது!

ஹுமாபோன் மாறினான். ஏப்ரல் 14இல் ஞானஸ்நானம் பெற்றுக் கார்லோஸ் ஆனான். அவன் மனைவி ஹுவானா ஆனாள். அவளுக்கு ஒரு குழந்தை இயேசு சொரூபம் கொடுக்கப்பட்டது. லாப்புலாப்புவோ பணிய மறுத்தான். மகெல்லன் ஹுமாபோனின் உதவியையும் வேண்டாமென்று விட்டு, 49 பேரோடு நீரில் இறங்கினான். பாறைகள் மலிந்த ஆழமற்ற கடல். படகுகள் நெருங்க முடியவில்லை. பீரங்கிகள் எட்டாத தூரம். எதிரே ஆயிரத்து ஐந்நூறு பேர் என்கிறான் பிகாபெற்றா. தோற்றவன் தந்த எண்ணிக்கை அது என்பதையும் நாம் மறக்கலாகாது. கவசமற்ற கால்களைக் குறிவைத்தனர் மக்டான் வீரர். தலைவனின் உடலை மீட்கப் பொருள் தருவதாகச் சொல்லியும் அவர்கள் கொடுக்கவில்லை.

மே 1ஆம் திகதி ஹுமாபோன் எஞ்சியோரை விருந்துக்கு அழைத்தான். போனவர்களிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பிகாபெற்றா போகவில்லை. முகத்தில் பட்ட நச்சம்பினால் அவன் முகம் வீங்கிக் கிடந்தது. அந்த வீக்கம் இல்லாதிருந்தால் இந்த ஏடும் நமக்கு இல்லை எனலாம்.

அவ்வேட்டில் லாப்புலாப்புவுக்குப் பெயர் உண்டு. முகம் இல்லை, வயது இல்லை, வாயிலிருந்து வந்த பேச்சும் அதிகம் இல்லை. மகெல்லனை அவன் தன் கையால் கொன்றதாகவும் இல்லை. எனவே சிலையில் நாம் காண்பது சிற்பியின் கற்பனை முகம். இன்று பிலிப்பைன்ஸ் மீன்சந்தையில் லாப்புலாப்பு என்று கேட்டால் கலவாய் மீனை எடுத்துத் தருவார்கள்.

ஆனாலும் பிகாபெற்றா ஒரு நன்மை செய்திருக்கிறான். செபு மக்களின் சொற்கள் ஏறத்தாழ நூற்று அறுபதைக் கேட்டு எழுதியிருக்கிறான். கண்ணுக்கு மாத்தா, மூக்குக்கு இலோன், நீருக்குத் துபின். இன்றைய செபுவில் மாதா, இலோங், துபிக் என்றே அவை வழங்குகின்றன. வென்றவர்களின் குரல் அந்த ஏட்டில் நேராகக் கேட்பது இச்சொற்பட்டியலில் மட்டுமே என்பது என் எண்ணம்.

செபு மன்னர் மரபைத் தொடக்கியவன் ஒரு சோழ இளவரசன் என்ற கதையொன்றும் உலவுகிறது. நம்மவர் இதைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டில் எழுத்தில் வந்த வாய்மொழிக் கதை அது. வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. ஹுமாபோனின் ராஜா என்ற பட்டம் இந்தியக் கரையிலிருந்து மலாய் உலகின் வழியே போனது என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

பாலத்தைத் தாண்டி நகருக்குள் போனால் மகெல்லன் நாட்டிய சிலுவை. 1834இல் கட்டிய சிறு மண்டபத்தில், அசல் சிலுவை மரஉறைக்குள் இருப்பதாகப் பலகை சொல்கிறது. அருகில் சாந்தோ நீனியோ பேராலயம். ஸ்பானியர் 1565இல் லெகாஸ்பியின் தலைமையில் மீண்டும் வந்து ஊரை எரித்தபோது, ஒரு வீட்டில் அந்தக் குழந்தைச் சொரூபம் கிடைத்தது. ஹுவானாவுக்குக் கொடுத்தது அதுவே என்பர். கொடுத்தவர்களைத் துரத்திய ஊர், சொரூபத்தை நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்து வைத்திருந்திருக்கிறது. 2013 ஒக்டோபர் நிலநடுக்கத்தில் பேராலயத்தின் மணிக்கூண்டு சரிந்தது. அதன்பின் திருத்திக் கட்டினார்கள்.

2021 ஏப்ரல் 14இல் முதல் ஞானஸ்நானத்தின் ஐந்நூறாம் ஆண்டை நகரத்தில் கொண்டாடினார்கள். பதின்மூன்று நாள் கழித்து, பாலத்துக்கு மறுபக்கம், மக்டான் வெற்றியின் ஐந்நூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள்.