மூன்று குவியலும் ஒரு வளையமும்

மன்னார் வளைகுடாவின் அடியில், கரையிலிருந்து சில மைல் தள்ளி, மணலுக்கு நடுவே பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. கடலோரத்தார் அவற்றைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே தொலையிரம் பார், இலங்கைப் பக்கம் பெரிய பார் என்று தனித்தனிப் பெயர்களும் உண்டு. முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது இங்கேதான். நாலைந்து வயதில் பிடிக்கும் பருவம் வரும். மேலும் இரண்டு மூன்று ஆண்டு விட்டுவைத்தால் தானாகவே செத்துப்போகும். அந்தச் சிறிய இடைவெளிக்குள் எப்போது குளிப்பது, எவ்வளவு எடுப்பது என்ற கணக்குக்குப் பல நூற்றாண்டு வயது.

கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை முத்துக் குளிக்க வைத்தார்கள் என்று எழுதிவைத்தார் முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகர் ஒருவர். 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ பங்குக் கணக்கையே தருகிறார்: அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒன்று. இந்தக் கடல்கட்டிகளுக்கு 19ஆம் நூற்றாண்டிலும் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், வேலை இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் மந்திரத்தை நம்பவில்லை. ஆனால் கடல்கட்டி வராவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். அதனால் அவர்களையும் வைத்துக்கொண்டார்கள்.

சலாபத்தின் நடைமுறைகள் வெகு கறாரானவை. முதலில் அதிகாரிகள் பார்களைச் சோதிப்பார்கள். குளியாட்கள் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பி எடுத்து வர, அவற்றை அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவார்கள். விலை கட்டுபடியானால் மட்டுமே சலாபம் என்று அறிவிப்பு. கடலில் வேலை நண்பகல் வரைதான். வெடிச்சத்தம் கேட்டதும் தோணிகள் கரைக்குத் திரும்பவேண்டும். மன்னார்க் கரையில் பங்கு பிரித்த விதம் இன்னும் அழகு. குளியாளே தன் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பான். எந்த இரண்டு அரசுக்கு என்று அதிகாரி கைகாட்டுவார், மிஞ்சியது அவனுக்கு. பிரிப்பவனுக்கு எது தன் பங்கு என்று தெரியாததால் குவியல்கள் சமமாகவே இருந்தன. தராசும் வேண்டாம், தகராறும் இல்லை.

இத்தனை ஒழுங்கு இருந்தும் பார்கள் காலியாகிக்கொண்டே இருந்தன. 1796இல் இலங்கைக் கரை கையில் வந்ததும் ஆங்கிலேயர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குளிக்கவைத்தார்கள். அதன்பின் வருமானம் சரிந்தது. 1838 முதல் 1854 வரை அங்கே சலாபமே இல்லை. 1864 முதல் பத்தாண்டு இல்லை. 1892 முதல் 1902 வரையும் இல்லை. பழியை மனிதர்மேல் மட்டும் போடவும் முடியாது. திருக்கை மேய்ந்துவிடும், நகரும் மணல் மூடிவிடும். பெரிய பாரில் இருபது ஆண்டுக்குள் பதினோரு தடவையாவது குஞ்சுச் சிப்பி நிறைந்ததாகவும், ஒருமுறைகூட அது சலாபமாக விளையவில்லை என்றும் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தென்மேற்குப் பருவக்காற்றுக் கடல் அள்ளிக்கொண்டு போனது.

காரணம் தேடி 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் வரவழைக்கப்பட்டார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னல். ஐந்து தொகுதி அறிக்கை வெளியானது. பெரிய பாரின் குஞ்சுகளை அள்ளிப் பத்திரமான பார்களில் விடுவது அதிலிருந்த முக்கிய யோசனை. அதிர்ஷ்டமும் கூடவே வந்தது: 1903இல் சலாபம் திரும்பியது, 1905இல் மட்டும் எட்டுக் கோடிச் சிப்பிக்கு மேல் கரை ஏறியது. அரசுக்குச் சுமார் 25 லட்ச ரூபாய். அதற்குமுன் காணாத தொகை.

அடுத்து அரசு செய்த காரியம்தான் விசித்திரம். 1906இல் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு லண்டனில் அமைந்த கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிட்டது. ஆண்டுக் குத்தகை சுமார் மூன்று லட்ச ரூபாய். குத்தகை எடுத்தவன் முதலில் போட்ட பணத்தை எடுக்கத்தானே பார்ப்பான்? 1906, 1907 என்று இரண்டு சலாபம் நடந்தது. 1906 சலாபத்தில் மரிச்சுக்கட்டி முகாமில் வேலை பார்த்தவர்களில் இளம் அதிகாரி லெனார்டு உல்ஃபும் ஒருவர். பின்னாளில் எழுத்தாளரானவர், வர்ஜீனியா உல்ஃபின் கணவர். பிறகு பார்களில் ஒன்றும் இல்லை. 1912க்குள் கம்பெனி மூடப்பட்டது. இலங்கைக் கரையில் அடுத்த சலாபத்துக்கு 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நேரத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது, பங்குக்கு இருந்தது, தோணிக்கும் இருந்தது. இனத்துக்கென்று எவ்வளவு சிப்பியைக் கடலில் விட்டுவைப்பது என்பதற்கு மட்டும் விதி இல்லை. எப்படியும் கிழடாகிச் சாகப்போகிறது, எடுத்துவிடுவோம் என்பதே அதிகாரிகளின் வாதம். கஜானாவுக்கும் அது தோதாக இருந்தது.

அதே கடலில், அதே குளியாட்கள் எடுத்த சங்குக்கோ வேறு ஏற்பாடு. தூத்துக்குடியில் அரசே சங்கு வாங்கியது. பெரும்பகுதி வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும். கரைக்கு வந்த சங்கை ஒரு வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள். விட்டம் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். வளையத்தில் சிக்காமல் நழுவினால் அது சின்னச் சங்கு. காசு கிடையாது, உயிரோடு கடலுக்கே திரும்பும். 1914இல் சங்கைப் பற்றித் தனி நூல் எழுதிய ஹார்னல் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஐந்து தொகுதி அறிக்கையைவிட இந்த வளையம் காரியசாத்தியமானது என்றே தோன்றுகிறது. படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். சின்னச் சங்கை எடுத்து லாபமில்லை என்பது குளியாளுக்குத் தண்ணீருக்குள்ளேயே தெரியும்.

இலங்கை வேலைக்குப் பின் ஹார்னல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்திருந்தார். ஆனால் முத்துப் பார்களுக்கு அப்படியொரு வளையம் வாய்க்கவேயில்லை. தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய சலாப வரிசை 1961இல் முடிந்தது. அங்கே அதுவே கடைசி. 1973இல் அதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி சிப்பிக்குள் மணி பதித்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்.