இறக்கம் பார்த்து நிறுத்திய காலம்

ஊட்டியில் மாட்டடார் வேன்கள் ஓடிய காலத்தில், டிரைவர் ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்பதை வைத்தே எஞ்சினின் நிலவரத்தைச் சொல்லிவிடுவேன். வாசலில் நிறுத்தினால் பேட்டரியும் ஹீட்டர் பிளக்கும் நன்றாக இருக்கின்றன. தெருமுனை இறக்கத்தில் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினால் இரண்டில் ஒன்று போயிற்று. காந்தல் பக்கம் பட்டறை வைத்திருந்த எனக்கு மார்கழியும் தையும் அந்த இறக்கத்து வண்டிகளால்தான் பிழைப்பு.

கேரட் மூட்டை ஏற்றிய வண்டி விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியாக வேண்டும். உறைபனி விழுவதும் அந்த நேரத்தில்தான். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை இறுக்கும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றணும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. இறுக்குவதற்குக் கிடைக்கிற காற்றே கம்மி, அதுவும் பனிக்காற்று. போதாததற்கு எங்கள் ஆட்கள் ஊற்றியது நாற்பது கிரேடு ஆயில். காலையில் அது வெல்லப்பாகு மாதிரி இருக்கும். செல்ஃப் இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றுவிடும்.

எண்பதுகளில் பஜாஜ் டெம்போ மாட்டடாருக்கு வைத்தது மெர்சிடிஸின் ஓஎம் 616 எஞ்சின். டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது. தலையில் உள்ள சின்ன அறையில் முதலில் பற்றி, பிறகுதான் கீழே இறங்கும். ப்ராஸ்பர் லொராஞ்ஜ் என்ற பென்ஸ் கம்பெனிப் பொறியாளர் 1909-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. ஓட ஆரம்பித்தால் சாதுவான எஞ்சின். ஆனால் அந்தச் சின்ன அறையின் சுவர், வருகிற சூட்டையெல்லாம் குடித்துவிடும். அதனால்தான் கம்ப்ரஷன் 21-க்கு 1 இருந்தும் குளிரில் ஹீட்டர் போடாமல் கிளம்பாது.

பென்ஸின் பழைய ரக ஹீட்டர் பிளக்கில் வெறும் கம்பிச் சுருள்தான். நான்கையும் வரிசையாக ஒரே கரண்டில் கோத்திருப்பார்கள். ஒன்று எரிந்துபோனால் நான்கும் செத்தன. 1980 வாக்கில் பென்ஸ் பென்சில் ரகத்துக்கு மாறியது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்ட், சூடும் சீக்கிரம் ஏறும். எல்லோரும் புதுசைப் புகழ்வார்கள். பழுது பார்க்கிறவனைக் கேட்டால் பழையது நாணயமான சாமான். கெட்டால் அன்றைக்கே தெரியும். புது ரகத்தில் ஒன்று போனாலும் மற்ற மூன்றை வைத்து ஐப்பசி வரை ஓட்டிவிடுவார்கள். மார்கழியில்தான் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள், "பம்ப் போச்சுண்ணே" என்று.

பம்ப் எங்கே போச்சு! டெஸ்ட் லாம்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, வயர் கழற்றிய ஒவ்வொரு பிளக்கையும் தொட்டால் செத்தது எரியாது. அதற்குள் வீட்டில் என்னென்னவோ செய்திருப்பார்கள். மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டுவது ஒரு வழி. கிளம்பும், கூடவே துணிக் கரியும் உள்ளே போகும். கொதிக்கிற வெந்நீரைப் பம்ப் மேல் ஊற்றுகிறவர்களை மட்டும் நான் விடாமல் திட்டுவேன். உள்ளே தலைமயிரைவிட மெல்லிய இடைவெளியில் ஓடுகிற பிளஞ்சர் இருக்கிறது. ஒரு பக்கம் சட்டென்று சூடேறினால் பிடித்துக்கொள்ளும். இதற்கெல்லாம் இறக்கத்தில் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விடுவதே மேல்.

லடாக்கில் டீசலே மெழுகாக உறைந்துவிடும். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவார்கள். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இண்டியன் ஆயில் 2019-ல்தான் அங்கே கொண்டுவந்தது. ஊட்டிக் குளிர் அவ்வளவு பொல்லாதது இல்லை. இங்கே ஹீட்டர், பேட்டரி, ஆயில், அதற்கப்புறம் தேய்ந்த ரிங், இந்த வரிசையில் பார்த்தால் போதும்.

இன்றைக்கும் பழைய மாட்டடார் வாங்கலாமா என்று யாராவது கேட்டு வருகிறார்கள். வெயில் வந்தபிறகு போகாதீர்கள் என்பேன். ஐந்து மணிக்கே போய், விற்கிறவர் சாவியை எடுக்குமுன் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.