வீடியோ கேம் கூடங்களும் சக்கர நாற்காலியும்

காசு போட்டு வீடியோ கேம் ஆடும் இயந்திரங்கள் வைக்கப்பட்டுள்ள கூடம் ஆர்கேட் எனப்படும். 1972இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் வெளியிட்ட பாங், 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆகியவை இக்கூடங்களை உலகெங்கும் பரப்பின. அக்கால இயந்திரங்களில் பெரும்பாலானவை நின்றுகொண்டு ஆடுபவரை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. திரையும் பிடிகளும் உயரத்தில் இருந்தன. அடிப்பகுதி மூடிய பெட்டியாக இருந்ததால் உட்கார்ந்திருப்பவர் முழங்காலை உள்ளே நீட்ட முடியாது. மேசை வடிவில் வந்த சில இயந்திரங்களை மட்டும் அமர்ந்தபடி ஆடலாம். ஆனால் அவை மாற்றுத்திறனாளிகளுக்காக அல்ல, தேநீர்க் கடை வாடிக்கையாளர்களுக்காக வந்தவை.

சட்டங்கள்

அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொழுதுபோக்கு இடங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதன்கீழ் 2010இல் வெளியான தரநிலைகளின்படி, கையால் இயக்கும் பகுதிகள் தரையிலிருந்து 38 முதல் 122 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும்.

இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைக்கச் சொன்னது. ஆனால் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கடந்து சென்றது. மக்கள் பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்தும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடமே என்று அது வரையறுத்தது. எனவே வீடியோ கேம் கூடமும் அதில் அடங்கும். இருக்கும் கட்டடங்களைத் திருத்தி அமைக்க, விதிகள் வெளியான 2017 ஜூன் முதல் 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2022இல் முடிந்தது. அவ்விதிகள் கட்டாயமாக இன்றி வெறும் வழிகாட்டுதலாகவே உள்ளன என்று 2024 நவம்பர் 8 அன்று சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

மெரினா தந்த பாடம்

பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் ஆகியவற்றுக்குச் சாய்தளம் கேட்டால் எவரும் மறுப்பதில்லை. விளையாட்டுக்குக் கேட்டால், அது அவசியமா என்ற கேள்வி எழுகிறது. சென்னை மெரினா கடற்கரை இதற்கு ஒரு விடை தந்தது. 2022 நவம்பர் 27 அன்று, ரூ.1.14 கோடி செலவில், 263 மீட்டர் நீளமுள்ள நிரந்தர மரப்பாதை அங்கே திறக்கப்பட்டது. கடற்கரைக்குப் போயும் அலையைத் தொலைவிலிருந்தே பார்த்துத் திரும்பியவர்கள் நீரருகே சென்றார்கள். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் பாதை சேதமடைந்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. அமைப்பதோடு பராமரிப்பதும் கடமை என்பதை அது காட்டியது.

விருதுநகருக்கு ஏன் முக்கியம்?

சிவகாசி வட்டாரத்தில் உடல் குறைபாடு பிறவியால் மட்டும் வருவதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் காயமடைந்தனர். இத்தகைய விபத்துகளில் பிழைத்தவர்களுள் உறுப்பிழந்தோரும் உண்டு. நேற்று வரை எல்லோரோடும் திருவிழாவுக்குப் போனவர் இன்று வாசலிலேயே நிற்க நேரிடும். விருதுநகரில் பங்குனிப் பொங்கலை ஒட்டி நடக்கும் பொருட்காட்சிக்கும், நகரங்களில் உள்ள விளையாட்டுக் கூடங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

தீர்வுக்கான கணக்கு எளிது. சாய்தளத்தின் சரிவு 1:12 இருக்க வேண்டும். அதாவது 15 செ.மீ. உயரமுள்ள படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் தேவை. வாசல் 90 செ.மீ. அகலமும், நாற்காலி திரும்ப 150 செ.மீ. இடமும் வேண்டும். கைகளை முழுதும் பயன்படுத்த இயலாதவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2018இல் தனி விளையாட்டுக் கருவியையே வெளியிட்டுவிட்டது. ஆடும் கருவி வந்துவிட்ட பிறகும், பல இடங்களில் ஆடுபவரை உள்ளே விடாமல் தடுத்து நிற்பது வாசலில் உள்ள ஒரு படிதான்.